மிதவை முங்கி ஒன்பது நொடி

திரையில் முப்பத்தேழு முட்கள் எழும்பி நின்றன. ஒவ்வொரு முள்ளும் ஒரு பாய்ச்சல். முதல் முள் நெட்டையாக இருந்தது. கடைசி முள் அதில் முக்கால் உயரம்தான் வந்தது. கணக்கம்மா பென்சிலைத் திரைமேல் வைத்து இரண்டையும் மறுபடி அளந்தாள். மறுபடி அளந்தால் கூடிவிடுமா என்ன?

துறைமுகத்து ஐஸ் கிடங்கின் மாடியில் இருக்கும் ஒற்றை அறைதான் அவளுடைய ஆய்வுக்கூடம். கீழே குளிர் இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேஜை நடுங்கும், பென்சில் உருண்டு விழும். அந்த அறையில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடமாக அவள் ஒரே விஷயத்தைத்தான் ஆராய்ந்து வந்தாள்: இவ்வளவு கனமான திமிங்கிலம் எப்படித் தன்னைத்தானே தண்ணீரை விட்டு வெளியே எறிகிறது, அப்படி எறிய அதன் உடம்பிலிருந்து எவ்வளவு செலவாகிறது. யார் எதைச் சொன்னாலும் உடனே பென்சிலை எடுத்துவிடுவாள் என்பதால் துறைமுகத்தில் அவளுக்குக் கணக்கம்மா என்று பெயர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அம்மா பட்டம் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

மூன்று நாள் முன்பு அவள் ஒரு இளம் பெண் திமிங்கிலத்தின் முதுகில், உறிஞ்சு ரப்பர் வைத்த கைப்பேசி அளவுக் கருவி ஒன்றை ஆள் அனுப்பி ஒட்டவைத்திருந்தாள். ஆழம், வேகம், வால் வீச்சு எல்லாவற்றையும் அது பதிந்துகொள்ளும். நேற்று மத்தியானம் அந்தத் திமிங்கிலம் எவனோ விட்டுப்போன, நண்டு பிடிக்கும் கூட்டின் கயிற்றில் மாட்டிக்கொண்டது. வாலடியில் இரண்டு சுற்று. பின்னால் முப்பது மீட்டர் கயிறு. கயிற்றின் நுனியில் குடம் அளவுக்கு ஒரு சிவப்பு மிதவை. அப்போது குதிக்க ஆரம்பித்ததுதான், இன்று காலை கருவி கழன்று விழும்வரை முப்பத்தேழு தடவை குதித்திருக்கிறது. இன்னும் குதித்துக்கொண்டிருக்கிறது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா," என்றார் துறைமுக அதிகாரி. அறையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள். "குதிச்சுக் குதிச்சுக் கயித்தத் தானே உதறிடாதா?"

"உதற முடிஞ்சிருந்தா நேத்தே உதறியிருக்கும் மேடம். இங்க பாருங்க. நேத்து குதிக்கும்போது தண்ணிய விட்டு வெளிய வந்த வேகம் நொடிக்கு எட்டு மீட்டர். காலைல ஆறு. வேகம் கால்வாசி குறைஞ்சா, அதுக்குப் பின்னால இருக்கற தெம்பு பாதிக்குப் பக்கமா குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம்."

"அதுக்காக? குதிக்காம சும்மா கிடக்கட்டுமே."

"ஒரு பெரிய திமிங்கிலம் ஒரே ஒரு தடவை முழுசா வெளிய குதிக்க ஆகற செலவும், ஒரு ஆள் மாரத்தான் ஓடி முடிக்க ஆகற செலவும் ஏறக்குறைய ஒண்ணு. இது சின்னது, இதுக்குக் குறையும். தெம்பா இருந்தா ஒண்ணு ரெண்டு குதிக்கறது அதுக்குப் பெரிசே இல்ல. ஆனா இது மாசக்கணக்கா சாப்பிடல மேடம். இந்த வெதுவெதுப்பான கடல்ல அதுக்குத் தீனி கிடையாது. குளிர்க்கடலுக்குத் திரும்பிப் போற வரைக்கும் உடம்புல இருக்கற கொழுப்புதான் வழிச்சோறு. அதத்தான் இப்ப குதிச்சே தீர்த்துட்டு இருக்கு. போதாக்குறைக்கு அந்த மிதவை வேற. வேகம் ரெண்டு மடங்கானா அது பின்னால இழுக்கறது நாலு மடங்கு."

அதிகாரி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குதிக்கிற திமிங்கிலத்தை நூறு மீட்டருக்குள் யாரும் நெருங்கக்கூடாது என்பது விதி. வேறொரு கரையில் கயிறு வெட்டப் போன ஒருவர்மேல் திமிங்கிலம் விழுந்து அவர் இறந்துபோன பிறகு எழுதிய விதி.

சுவரில் சாய்ந்து நின்றிருந்த கத்தி மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். கயிறு வெட்டுவதுதான் அவர் வேலை. இருபது வருடத்தில் பதினேழு திமிங்கிலங்களையும் எண்ணற்ற ஆமைகளையும் விடுவித்தவர். கத்தி என்ற பெயர் தொழிலுக்காக வைத்தது என்று அவர் நம்பினார். அவர் பேச்சை ஒரு மணி நேரம் கேட்டவர்களுக்கு உண்மை தெரியும்.

"மேடம், நாலு மணிக்கு மேல காத்து ஏறிடும்னு வானிலைக்காரங்க சொல்லிட்டாங்க. இப்ப மணி ஒண்ணு. நாளைக்குப் போனா நான் வெட்ட வேண்டியது கயித்த இல்ல, பொணத்த."

"குதிக்கறத முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?" என்று அதிகாரி கணக்கம்மாவைப் பார்த்துக் கேட்டார். "இருக்குன்னா சொல்லு. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. விடறேன்."

வழி இருந்தது. அதைக் கண்டுபிடித்தது கணக்கம்மாவின் அண்ணன்.

அண்ணன் படகு ஓட்டி. சுற்றுலாக்காரர்களைத் திமிங்கிலம் பார்க்க அழைத்துப்போவது பிழைப்பு. கத்தி மாமா கூப்பிட்டால் அவருடைய ரப்பர் படகை ஓட்டுவது சேவை. விடிந்ததிலிருந்து அவன் அந்த ரப்பர் படகில் தனியாக, நூறு மீட்டர் தள்ளி நின்று, திமிங்கிலத்தைக் கண்காணித்துக்கொண்டிருந்தான். கழன்று விழுந்த கருவியைத் தண்ணீரிலிருந்து பொறுக்கி, ரோந்துப் படகில் கொடுத்தனுப்பியதும் அவன்தான். கூடவே ஒயர்லெஸ்ஸில் ஒரு சேதியும் சொன்னான்: "மாமா, குதிக்கறதுக்கு முன்னாடி மிதவை வெடுக்குன்னு முங்குது. சும்மா கீழ போகும்போது முங்கறதில்ல, இழுபட்டுட்டே மேலதான் வருது. அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

அந்தம்மா என்றால் தங்கை. போன வருடம் அவன் சுற்றுலாப் படகைத் தாய்க்கும் குட்டிக்கும் முப்பது மீட்டர் பக்கத்தில் கொண்டுபோனான் என்று அவள் தன் அறிக்கையில் எழுத, உரிமத்தை மூன்று மாதம் முடக்கிவிட்டார்கள். கூடப் பிறந்தவன் என்றுகூடப் பார்க்கவில்லையே என்று அன்றைக்கு மூடிய வாயை அவன் அவளிடம் இன்னும் திறக்கவில்லை.

அவன் சொன்ன நேரங்களையும் கருவியில் இருந்த நேரங்களையும் கணக்கம்மா பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். அச்சுப் பிசகாமல் பொருந்தின. திமிங்கிலம் இருபது மீட்டர் ஆழம் போய், அங்கிருந்து வாலை ஐந்தாறு தடவை வீசி வேகம் எடுக்கிறது. வேகம் ஓரளவைத் தாண்டியதும் மிதவை தாங்காமல் முங்குகிறது. மிதவை முங்கி ஒன்பதாவது நொடியில் திமிங்கிலம் வெளியே வருகிறது. ஆறு தடவை பார்த்ததில் ஆறும் ஒன்பது.

எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பென்சிலால் போட்டதைப் பார்த்து அதிகாரி தன் பேனாவை நீட்டினார்.

அதிகாரியும் வந்திருந்த ரோந்துப் படகிலிருந்து, கத்தி மாமாவுக்குப் பின்னால் கணக்கம்மா ரப்பர் படகுக்கு இறங்கினாள். அண்ணன் கை நீட்டவில்லை. ஆனால் படகை அசையாமல் ரோந்துப் படகின் ஓரத்தோடு அழுத்திப் பிடித்திருந்தான். வெயிலில் அவன் முகம் கருத்து, உதடு வெடித்திருந்தது.

"மாமா, அந்தம்மாவ லைஃப் ஜாக்கெட் பட்டைய இறுக்கிக் கட்டச் சொல்லுங்க."

"நாலு மீட்டர் படகுல நான் தபால்காரன் வேலையும் பாக்கணுமா?" என்றார் மாமா. "சரி, தபால் வந்திருக்கும்மா. பட்டைய இறுக்கு."

"ஒன்பது நொடியில படகு எவ்வளவு தூரம் போகும்னு கேளுங்க," என்றாள் அவள்.

"எஞ்சின் ஓடிட்டு இருந்தா அறுபது மீட்டர்னு சொல்லுங்க."

"இருபது போதும்."

ஏற்பாடு எளிமையானது. வாலைத் தொடும் தூரத்துக்குப் படகு போக வேண்டும். மாமா நாலு மீட்டர்க் கம்பின் நுனியில் கொக்கி போல வளைந்த கத்தியைச் செருகி வைத்திருந்தார். கத்தி கழன்று போனாலும் விடாமல் இழுக்க, அதிலிருந்து ஒரு நீளக் கயிறு கம்பில் கட்டியிருந்தது. கொக்கியின் உள்வளைவில்தான் கூர்மை. அதைக் கயிற்றுக்குள் நுழைத்துவிட்டால் போதும், திமிங்கிலம் இழுக்கிற இழுப்பிலேயே கயிறு அறுந்துவிடும். கணக்கம்மாவின் வேலை மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பது. அவளுக்கு இரண்டே வார்த்தை: "போ" என்றால் அண்ணன் நெருங்குவான், "வெளிய" என்றால் விலகி ஓடுவான். நடுவில் யாரும் எதுவும் கேட்கக்கூடாது.

முதல் தடவை நெருங்கியபோது திமிங்கிலத்தின் முதுகு அவளுக்கு முன்னால் நனைந்த பாறை போல எழுந்து வந்தது. அது விட்ட மூச்சு மழைத்தூறலாக முகத்தில் விழுந்தது. அழுகிய மீன் நாற்றம். பன்னிரண்டு வருடமாகத் திரையில் கோடாகப் பார்த்ததை இவ்வளவு அருகில் அவள் பார்த்ததில்லை. முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. கொழுத்த திமிங்கிலத்துக்கு அப்படித் தெரியாது.

அது தலையைத் தாழ்த்தி உள்ளே போனது. மிதவை லேசாக நடுங்கியது.

"வெளிய!"

எஞ்சின் அலறியது. படகு துள்ளித் திரும்ப, மாமா கம்போடு சரிந்து உட்கார்ந்தார். மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். மிதவை முங்கவில்லை, வாத்து மாதிரி அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. திமிங்கிலம் ஐம்பது மீட்டர் தள்ளி மெதுவாக எழுந்து, ஒன்றுமே நடக்காதது போல மூச்சு விட்டது.

"தப்பு என் மேல," என்றாள் கணக்கம்மா. "முங்கறதுக்கு முன்னாடியே கத்திட்டேன்."

அண்ணன் படகைத் திருப்பினான். மறுபடி அதன் பின்னால் போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. மேற்கே கடலின் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. மாமா ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

இரண்டாவது தடவை அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். திமிங்கிலம் உள்ளே போனது. மிதவை நகர்ந்தது. அவள் வாய் திறக்கவில்லை. மிதவையின் முன்னால் நுரை கட்டியது. இன்னும் இல்லை. நுரை மீசையாக இரண்டு பக்கமும் விரிந்தது. இன்னும் இல்லை. பிறகு யாரோ காலைப் பிடித்து இழுத்தது போல மிதவை வெடுக்கென்று காணாமல்போனது.

"வெளிய!"

அவள் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினாள். படகு சாய்ந்தபடி ஓடியது. நாலு. ஐந்து. அவர்கள் இருந்த இடத்தில் தண்ணீர் சும்மா கிடந்தது. ஏழு. எட்டு.

கடல் பிளந்தது. முதலில் தாடை, பிறகு பள்ளம் பள்ளமாக வரியோடிய வெள்ளைக் கழுத்து, பிறகு படகைவிட நீளமான உடம்பின் பாதி. அதற்குமேல் வரவில்லை. ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு பக்கவாட்டில் சரிந்தது. அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் அவள் நெஞ்சில் இடித்தது. சில நொடி முன்பு படகு நின்ற இடம் வெள்ளை நுரையாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒன்பது," என்றாள் கணக்கம்மா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"கணக்கு பாஸ்," என்றார் மாமா, உலர்ந்த வாயோடு.

பாதி உடம்புதான் வெளியே வந்தது என்பது அவளுக்கு உறைத்தது. காலையில் நொடிக்கு ஆறு மீட்டர். இப்போது ஐந்துகூட இருக்காது. கருவியின் பதிவில் அவள் இன்னொன்றும் பார்த்திருந்தாள்: குதித்து முடித்ததும் திமிங்கிலம் மேலேயே மிதந்தபடி மூச்சு வாங்குகிறது. நேற்று நாலு மூச்சு. இன்று காலை பதினாலு. இப்போது அதைவிட அதிகம் வேண்டியிருக்கும். அந்த இடைவெளிதான் சமயம்.

"போ," என்றாள். "இப்பவே போ. அது மூச்சு வாங்கி முடிக்கறதுக்குள்ள."

அண்ணன் எஞ்சினைத் தணித்துப் படகை வால் பக்கம் நழுவவிட்டான். திமிங்கிலம் கட்டை போலக் கிடந்தது. ஒரு மூச்சு. இரண்டு. வாலடியில் கயிறு தோலை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது; ஓரத்தில் சதை வெளிறி வீங்கியிருந்தது. மாமா முழங்காலில் நின்று கம்பை நீட்டினார். கொக்கி ஒருமுறை வழுக்கியது. ஐந்து மூச்சு. மறுபடி வழுக்கியது. ஏழு.

"மாட்டிக்கிச்சு," என்று மாமா மூச்சுக்குள் சொன்னார். "ரெண்டு சுத்தையும் சேர்த்துப் பிடிச்சிருக்கேன். கொஞ்சம் இழுபட்டாப் போதும்."

திமிங்கிலம் சத்தமே இல்லாமல் அமிழ்ந்தது; கம்பிலிருந்து கழன்ற கத்தி அதோடு போனது.

கணக்கம்மா மிதவையைப் பார்த்தாள். அது அப்படியே கிடந்தது. நுரை இல்லை, நடுக்கம்கூட இல்லை. அசையாத மிதவையைப் பார்த்து ஆறுதலாக மூச்சு விடப்போன அந்த நொடியில்தான் அவள் அதன் தூரத்தைக் கவனித்தாள். மிதவை ஏன் முப்பது மீட்டருக்கு அப்பால் இல்லை? பாய்ச்சலில் திமிங்கிலம் திரும்பி விழுந்ததில் கயிறு முழுக்கத் தொய்ந்து, சுருள் சுருளாகப் படகைச் சுற்றியே மிதந்தது. மிதவை பத்து மீட்டரில் கிடந்தது. தொய்ந்த கயிறு மிதவையை இழுக்காது. அது எவ்வளவு வேகம் எடுத்தாலும் இழுக்காது. அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒன்பது நொடிக்கு இப்போது அர்த்தமே இல்லை.

அவள் மிதவையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

தண்ணீரில் வேறு எதையாவது தேடினாள். வலப்பக்கம், இரண்டு படகு நீளம் தள்ளி, எண்ணெய் கொட்டியது போல வழவழப்பான ஒரு வட்டம் மேலே வந்து விரிந்தது. வால் ஒருமுறை வீசினால் அந்தத் தண்ணீர் மேலே வந்து அப்படிப் பூக்கும். அதற்கு அப்பால் இன்னொரு வட்டம். அடுத்தது இன்னும் தள்ளி. வட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடையே தூரம் கூடிக்கொண்டே போனது. தூரம் கூடினால் வேகம் கூடுகிறது. வட்டங்கள் நேராகப் போகவில்லை. வளைந்து, படகின் வலப்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு, திரும்பி வந்தன.

"வெளிய!"

"மிதவை அசையலையே!" என்று கத்தினார் மாமா. கொக்கி கயிற்றில் இருந்தது. விட மனமில்லாமல் கம்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அண்ணன் மிதவையைப் பார்க்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

"எந்தப் பக்கம்?"

"இடது! இடது பக்கம் போ!"

எஞ்சின் முழு வேகத்தில் அலறியது. படகு முன்மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய, மாமாவின் கம்பு கயிற்றோடு பின்னால் இழுபட்டு வில்லாக வளைந்தது. இந்தப் பக்கம் படகு, அந்தப் பக்கம் ஒன்பது டன் திமிங்கிலம். நடுவில் கொக்கியில் கயிறு விறைத்தது. 'பட்' என்று ஒரு சத்தம். கூடவே மாமாவின் அலறல். அவர் கணக்கம்மாவின் மேல் வந்து விழுந்தார்.

அவர்களுக்குப் பின்னால், ஆறேழு மீட்டரில், திமிங்கிலம் எழுந்தது. உயரமாக இல்லை. தலையும் ஒரு துடுப்பும்தான். இருந்தாலும் அது சாய்ந்து விழுந்தபோது எழும்பிய அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கி, உள்ளே கொட்டி, இடுப்பளவு தண்ணீரில் மூன்று பேரையும் உட்கார வைத்தது. எஞ்சின் இருமி நின்றது.

அதன்பிறகு வந்த அமைதியில் ரோந்துப் படகின் ஒலிபெருக்கியில் அதிகாரி திரும்பத் திரும்ப ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது எங்கோ தூரத்தில் போலக் கேட்டது. எஞ்சின் இல்லாத படகு. கீழே எங்கே இருக்கிறது என்று தெரியாத திமிங்கிலம். அண்ணன் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான், பிடிக்கவில்லை. கணக்கம்மா தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி, அதாலேயே தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினாள். அள்ளும்போதும் அவள் கண் தண்ணீரில் வட்டத்தைத் தேடிக்கொண்டே இருந்தது.

வட்டம் வரவில்லை. இருபது மீட்டர் தள்ளி முதுகு எழுந்தது. மூச்சு. பிறகு, மெதுவாக, வால் ஒருமுறை மேலே வந்து படிந்தது. வாலடியில் ஒரு சுற்றும் இல்லை. கயிறு இருந்த இடத்தில் சிவந்த பள்ளம் மட்டும் இருந்தது. அறுந்த கயிறு சிவப்பு மிதவையோடு தனியாக அலைந்தது.

"அறுந்துடுச்சா?" என்றார் மாமா கண்ணை மூடியபடியே. அவருடைய வலது மணிக்கட்டு இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது.

"அறுந்துடுச்சு மாமா. ரெண்டும்."

"பதினெட்டு," என்றார் அவர். பிறகு பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தார்.

ரோந்துப் படகு வந்து அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும்வரை கணக்கம்மா மூச்சுகளை எண்ணினாள். இருபத்தாறு. அதற்குமேல் தூரம் கண்ணை மறைத்துவிட்டது. திமிங்கிலம் குதிக்கவில்லை.

கரையில் மாமாவை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு அதிகாரி அவளிடம் வந்தார். "என்ன நடந்தது? மிதவை முங்கினத நான் பார்க்கவே இல்லையே."

"முங்கல மேடம். கயிறு தொய்ஞ்சா முங்காது. அத நான் யோசிக்கல." அவள் பல் தந்தியடித்தது. "ஒன்பது நொடின்னு கையெழுத்துப் போட்டேன், கயிறு விறைப்பா இருந்தாத்தான்னு எழுதல. ஆறு தடவை பார்த்துட்டு எல்லாம் தெரிஞ்ச மாதிரி போயிட்டேன். ரெண்டு பேரக் கொன்னிருப்பேன். அறிக்கையில இதையும் எழுதறேன். அப்படியே போட்டுடுங்க."

அதிகாரி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "முதல்ல போய் ஈரத் துணிய மாத்து," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் ரப்பர் படகைத் துறையில் கட்ட முயன்றுகொண்டிருந்தான். ஆயிரம் தடவை போட்ட முடிச்சு அன்றைக்கு அவன் கையில் நிற்கவில்லை. கணக்கம்மா போய்க் கயிற்றை வாங்கிக் கட்டினாள். அவன் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான்.

"இருபத்தெட்டு மீட்டர்," என்றான்.

"என்னது?"

"போன வருஷம். நீ முப்பதுன்னு எழுதின. இருபத்தெட்டுதான் இருக்கும். என் படகு நீளத்துல ரெண்டு மடங்கு, எனக்குத் தெரியாதா?"

அவள் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவர் உடம்பிலிருந்தும் தண்ணீர் சொட்டி ஒரே படியில் வழிந்தது. அவன், "எஞ்சின்ல உப்புத்தண்ணி போயிருக்கும், நல்ல தண்ணி விட்டுக் கழுவணும்," என்று எழுந்தான். அவளும் வாளி எடுத்து வரப் போனாள். அன்று நாலு மணிக்கு முன்பே காற்று ஏறிவிட்டது.

அதன்பின் பதினோரு நாள் ஒரு சேதியும் இல்லை. காப்பாற்றியும் செத்துப்போகிற திமிங்கிலங்கள் உண்டு. புண் சீழ் பிடித்து, அல்லது வழியில் கொழுப்பு தீர்ந்து. கணக்கம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. காகிதத்தில் மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்: இத்தனை பாய்ச்சல், இவ்வளவு செலவு, மீதி இவ்வளவு, போக வேண்டிய தூரம் இவ்வளவு. விடை ஒருநாள் போதும் என்று வந்தது, மறுநாள் போதாது என்று வந்தது. இளைத்த திமிங்கிலத்தின் கொழுப்பைக் கண்ணால் அளந்து போடுகிற கணக்கு அப்படித்தான் இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் காலை தொலைபேசி அடித்தது. குளிர்க்கடல் வழியில் இருக்கும் இன்னொரு ஆய்வுநிலையத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். வாலடியில் புதுத் தழும்போடு ஒரு இளம் பெண் திமிங்கிலத்தைப் பார்த்தார்களாம். நீங்கள் அனுப்பிய படத்தோடு வாலின் அடையாளம் பொருந்துகிறது என்றாள். ரொம்ப மெலிந்திருக்கிறது, ஆனால் புண் காய்ந்துவிட்டது.

"குதிச்சுதா?" என்று கேட்டாள் கணக்கம்மா.

"இல்லீங்க. ரெண்டு மணி நேரம் கூடவே போனோம். ஒரு தடவைகூடக் குதிக்கல. நேரா, ஒரே சீரா போயிட்டே இருந்துச்சு. உங்க ஆராய்ச்சிக்கு உதவாதுதான், மன்னிச்சுக்கங்க."

"பரவாயில்ல," என்றாள் அவள். "அது குதிக்கவே வேணாம்."

தொலைபேசியை வைத்துவிட்டு, மேஜைமேல் இருந்த காகிதங்களை அப்படியே போட்டுவிட்டு, மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்கினாள். கீழே ஐஸ் கிடங்கு வாசலில், மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி கத்தி மாமா இரண்டு வண்டிக்காரர்களை நிறுத்தி வைத்து அந்த நாளின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் ஒன்பது மீட்டர் திமிங்கிலம் பதினெட்டு மீட்டராக வளர்ந்திருந்தது. தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்த வண்டிக்காரர்களைக் கடந்து, அண்ணன் படகுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்த துறைப் பக்கம் அவள் ஓடினாள்.